கிராபிக்ஸ் கார்டில் வைத்த பொட்டு

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். மலேசியாவின் அலோர் காஜாவில் வீட்டிலிருந்தே கணினியில் கட்டட வரைபடங்கள் செய்கிறேன். பழைய கிராபிக்ஸ் கார்டைக் கொடுத்தால் புதியதற்குத் தள்ளுபடி என்று தயாரிப்பு நிறுவனம் அறிவித்தது. அனுப்புவதற்காகக் கார்டைக் கணினியிலிருந்து கழற்றி மேசையில் வைத்திருந்தேன். அன்று சரஸ்வதி பூசை. பள்ளிக்கூடமே போகாமல், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி என்னைப் படிக்கவைத்த அம்மா, கார்டில் ஒட்டியிருந்த வரிசை எண் தாளில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். ஈரத்துணியால் துடைத்தேன். எண்ணும் அழிந்துவிட்டது.

“எழுத்து இருக்கிற எடத்துலதான் சரஸ்வதி இருப்பாங்கன்னு வெச்சேன்லா,” என்றார்.

“படிக்கத் தெரியலன்னா தொடாதீங்கம்மா,” என்றேன்.

எண் இல்லாத கார்டை நிறுவனம் ஏற்கவில்லை. மறுவாரம் டவுனில் பழைய கணினி வாங்கும் கடைக்குக் கொண்டுபோனேன்.

“நம்பர் எதுக்கு தங்கச்சி, ஓடுனா போதும்லா,” என்ற கடைக்காரர், நிறுவனத்தின் தள்ளுபடியைவிடக் கூடுதலாகவே கொடுத்தார்.

இப்போதெல்லாம் சலுகை என்றால் முதலில் கடையில் விலை விசாரித்துவிடுகிறேன். அம்மாவிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். ஆனால் இந்த ஆண்டு பூசையில், ரைஸ் குக்கருக்குக்கூடப் பொட்டு வைத்தவர், என் கணினி அருகே வந்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.