கோதம்புப் புட்டு

குமுளி பேருந்து நிலையத்துக்கு எதிரே, கடைக்கார அக்கா சுட்ட பரோட்டாக்களை அடுக்கி இரு கையாலும் அடிக்கிறார். அந்தச் சத்தம் மாறவேயில்லை. கல்லூரி நாட்களில் கம்பம் பஸ் ஏறுமுன் இங்கேதான் சால்னாவில் ஊறவைத்துத் தின்போம். இப்போது எனக்கு சீலியாக் நோய். கோதுமை துளி சேர்ந்தாலும் குடல் புண்ணாகிவிடும்.

"பரோட்டா வேண்டாங்க்கா."

"சுகரா? அப்ப கோதம்புப் புட்டு தாரேன். ஒடம்புக்கு நல்லது."

"சுகர் இல்லக்கா. கோதம்புன்னாலும் கோதுமைதான, அது எனக்கு ஆகாது. மைதாவும் அதுதான."

அக்கா தன் கையிலிருக்கும் மாவைப் பார்க்கிறார். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுகிறார். புட்டுக்குழலையும் தேய்த்துக் கழுவி, அரிசிப் புட்டு அவித்து வைக்கிறார். தின்றுகொண்டே நான் பரோட்டாக் கல்லைப் பார்ப்பதைக் கவனித்துவிடுகிறார்.

"நல்லாப் பாத்துக்கங்க தம்பி. பாத்தா ஒண்ணும் செய்யாதுல்ல."