லீலாபாய் சிஸ்டரின் காஷ்மீர் சால்வை

லீலாபாய் சிஸ்டர் இறந்த செய்தியை அவருடைய தங்கை போனில் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். மாதக்கணக்காக உடம்புக்கு முடியாமல் இருந்திருக்கிறார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று தங்கையிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அடுத்தவர் நோயை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துத் திட்டிய ஒரு நர்ஸ் இப்படிச் செய்தால் என்ன சொல்வது? அவரிடம் திட்டு வாங்காதவர்கள் அமரவிளையில் குறைவு. இதை வாசிக்கும் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் வேலைபார்த்த சிறிய ஆஸ்பத்திரியில் நான் மருந்து எடுத்துக் கொடுப்பவள். அவர் ஸ்ரீநகரில் பல வருஷம் நர்ஸாக இருந்து, அங்கே நிலைமை மோசமான பிறகு ஊருக்குத் திரும்பியவர். கொண்டுவந்தது ஒரு பெட்டியும் ஒரு சால்வையும். வெண்ணெய் நிறத்தில் மெல்லிய கம்பளி, ஓரம் முழுக்கக் கையால் போட்ட ஊசிவேலை. நம்மூரில் அதற்கு என்ன தேவை? கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்கு அதைப் போர்த்திக்கொண்டு வருவார். மேலே மின்விசிறி சுழலும். வளையலைக் கழற்றியிருப்பார், சென்ட் போட்டிருக்க மாட்டார், சால்வையில் பின் குத்தியிருக்க மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்த நாங்களும் கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். மாதந்தோறும் அதை வெளியே எடுத்து மடிப்பை மாற்றுவார். “ஒரே மடிப்பில கிடந்தா அந்த வழியே கிழியும். பாச்சா உருண்டையும் மேல படப்பிடாது, துணியில கெட்டி ஓரமா வெக்கணும்.” நான் கேட்கவில்லை. அவராகவே சொல்வார்.

என் கல்யாணம் முடிந்து ஊட்டிக்குப் போகும்போது அந்தச் சால்வையைக் கேட்டேன். என் தலையைப் பார்த்தார்.

“எண்ணெய் வடியுது. தரமாட்டேன்.”

“தலை குளிச்சிட்டு வாறேன் சிஸ்டர்.”

“அங்க போய் பிறகும் தேய்ப்ப. வேண்டாம் மக்கா.”

ஊட்டியில் நடுங்கிக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து அவரோடு சரியாகப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அந்த மழைக்காலத்தில் கள்ளிக்காட்டிலிருந்து சுரேந்திரன் என்ற ஜீப் டிரைவர் தன் மனைவியைக் கொண்டுவந்தார். மாதம் நிறையாமலே குழந்தை பிறந்துவிட்டது. கையளவு உடம்பு, தொட்டால் சில்லென்று இருந்தது. உடனே திருவனந்தபுரம் கொண்டுபோகச் சொன்னார் டாக்டர். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. சிஸ்டர் தன் அறைக்கு ஓடிப்போய்ச் சால்வையை எடுத்து வந்தார். குழந்தையைத் தன் நெஞ்சோடு சேர்த்து, இருவருக்குமாக அதைச் சுற்றச் சொன்னார். நான் சுற்றினேன்.

“ஊசிவேலை வெளிய வரட்டு. பிள்ளைக்கு நூல் குத்தும். எத்தனை தடவை சொல்லணும்?”

ஒரு தடவைகூடச் சொல்லியிருக்கவில்லை. ஜீப்பில் நானும் போனேன். நெய்யாற்றின்கரையில் வண்டிகள் நெருக்கி நின்றபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு குழந்தையின் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை பிழைத்தது.

சால்வை பிழைக்கவில்லை. சில வாரம் கழித்துச் சுரேந்திரன் அதை மரியாதையாகத் தாளில் பொதிந்து கொண்டுவந்தார். “சோப்பு போட்டு நல்லா அவிச்சு, வெயில்ல உணக்கி எடுத்தேன் சிஸ்டரே. ஒரு கறை இல்ல.” பிரித்துப் பார்த்தால், தோர்த்துத் துண்டு அளவுக்குச் சுருங்கி, சாக்குபோல் தடித்துப்போயிருந்தது.

நோயாளிகள் வரிசையில் இருக்க, சிஸ்டர் அவரை நிறுத்திவைத்துத் திட்டினார். “எலே, ஆட்டு ரோமமாக்கும் இது. பச்சத் தண்ணியில கொஞ்சம் ஷாம்பு விட்டு முக்கணும். முறுக்கப்பிடாது. டவல்ல சுருட்டி நீரை எடுத்து, நிழல்ல பாயில விரிக்கணும். கொடியில போட்டா இழுத்துப் போவும்.”

சுரேந்திரன் கைகட்டிக் கேட்டார். “அடுத்த தடவை அப்படியே செய்யுதேன் சிஸ்டரே.”

“அடுத்ததுக்கு நான் எங்க போவேன்?” என்றவர், “பிள்ளை பால் குடிக்குதா?” என்றார். சால்வையை அவரிடமே கொடுத்து அனுப்பினார். எனக்கு மறுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிறகு ஒருநாள், “உனக்கு ஒண்ணு வாங்கலாம்” என்று என்னைக் கோவளத்துக்கு இழுத்துப் போனார். காஷ்மீர்க்காரர் ஒருவர் அங்கே கடை வைத்திருந்தார். நான் எடுத்த ஒவ்வொன்றையும் சிஸ்டர் பின்பக்கம் திருப்பிப் பார்த்து, “மெஷின் வேலை” என்று தள்ளினார். கடைசியில் எனக்குப் பிடிக்காத மண் நிறத்தில் ஒன்றை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, கடைக்காரரோடு அவர்கள் மொழியில் பேச ஆரம்பித்தார். பேசினார்கள், பேசினார்கள். கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஒருத்தி இருப்பதே இருவருக்கும் மறந்துபோயிற்று. திரும்பும் பஸ்ஸில் பாலராமபுரம் தாண்டியதும் சிஸ்டர், “ஸ்ரீநகர்ல ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில ஒரு பாலம். இப்பவும் உண்டாம்” என்றார். அவ்வளவுதான். அந்தப் பாலத்தில் என்ன இருந்தது என்று நான் கேட்டபோது, “உனக்கு வேற வேலை இல்லையா?” என்றார்.

இனி யாரிடம் கேட்பது? அதையும் தன்னோடு கொண்டுபோய்விட்டார்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த மண் நிறச் சால்வை மட்டும். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து, ஜன்னலைச் சாத்திவிட்டு, அதைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். வியர்த்து ஒழுகியது. வெகுநேரம் கழற்றவில்லை. வியர்வை பட்ட கம்பளியை அப்படியே மடித்து வைக்கக் கூடாது. நிழலில், பாயின் மேல் விரித்திருக்கிறேன்.