பனிமூட்டத்தில் பறக்க முடியாதவன்

இலங்கை மலையகத்து ஹட்டனில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கும் கஜேந்திரன், மாதப் பத்திரிகை ஒன்றில் தொடர்கதை எழுதிவந்தார். கதாநாயகன் வானத்தில் பறக்கும் சக்தி உள்ளவன். ஏழாவது பகுதியில் மண் சரிந்து, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் புதைந்தது. பறக்கத் தெரிந்தவன் மலையேறி நடந்தே வந்து, தாயைப் பிணமாகக் கண்டான். கதையில் ஓட்டை விழுவது தெரிந்தும், வாசகர்கள் அழட்டும் என்றே கஜேந்திரன் அப்படி எழுதினார்.

அந்த மாதம் டிக்கோயா பஸ்ஸில், தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஜீவராணி, பத்திரிகையில் வந்த படத்தை வைத்து அவரை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணே, லயத்துல எல்லாருக்கும் உங்க கதைய வாசிச்சுக் காட்டுறது நான்தாங்க. அவன் ஏன் பறந்து வரலன்னு கேட்டாங்க. ரெண்டு நாள் யோசிச்சுப் பார்த்து, பனிமூட்டத்துல அவனால பறக்க முடியாதுன்னு சொல்லிட்டேன். சரிதானுங்களே?”

“சரிதான்” என்றார் கஜேந்திரன்.

“எனக்குத் தெரியும். நீங்க சும்மா எழுதுவீங்களா?”

அவருக்கு வெட்கமாகிப்போனது. ஆனாலும் அவள் சொன்ன காரணத்தையே அடுத்த பகுதியில் எழுதினார். பாராட்டுகள் குவிந்தன. ஜீவராணியும் எழுதியிருந்தாள்: “இப்பதான் லயத்துல என்னை நம்புறாங்க. நன்றி அண்ணே.”

அவளுக்கு மட்டும் அவர் பதில் போடவில்லை. இப்போதெல்லாம் அவள் பஸ்ஸில் ஏறினால், அடுத்த தரிப்பிடத்திலேயே இறங்கி நடக்கிறார்.