பூனையின் பிடரியில் விட்ட மருந்து

யாரையும் லேசில் நம்புகிற பிறவி இல்லை நான். மாத்திரை அட்டையைத் திருப்பித் தேதி பார்க்காமல் விழுங்கமாட்டேன். தராசு முள் நிற்கும் முன் காய்கறியைப் பையில் போட்டால் அந்தக் கடைக்கு மறுபடி போகமாட்டேன். என் வீட்டுக்காரர் இதற்கு நேர்மாறு. யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு வருவார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்குப் பேச்சே குறைந்துவிட்டது. மகன் வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டால்கூட "நல்லாருக்கியா, அம்மாட்ட தாரேன்" என்பதோடு சரி. அவர் வாய் ஓயாமல் பேசியது எங்கள் மேலகரம் வீட்டுக்கு எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட ஒரு சாம்பல் நிறப் பூனையிடம்தான். காலையில் பேப்பரில் இருக்கிற செய்தியை எல்லாம் அதற்குச் சொல்லுவார். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். ஆனால் அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த மனுஷன் மொத்தமாக வாயை மூடிவிடுவார் என்ற பயம் அதைவிடப் பெரிது.

போன வருஷம் சாரல் தொடங்கியதும் பூனை சொறிய ஆரம்பித்தது. வெயில் முகமே பார்க்காத ஈரத்தில் தெள்ளுப்பூச்சி பெருகிவிட்டது. கழுத்தடியில் முடியை விலக்கினால் கறுப்புக் கறுப்பாக ஓடும். சோபாவில் உட்கார்ந்தால் என் கணுக்காலிலும் கடித்தது. பூனையைப் பிரம்புக் கூடையில் போட்டு மூடி, இரண்டு பேரும் தென்காசிக்குப் புறப்பட்டோம்.

முதலில் போனது கிளி, மீன், நாய்ச் சங்கிலி எல்லாம் விற்கிற ஒரு கடைக்கு. கடைக்காரர் பூனையை ஏறிட்டும் பார்க்கவில்லை. டியூப் அடங்கிய அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இத பிடரில விடுங்கக்கா. ஒரு பூச்சி இருக்காது."

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் நாய்ப் படம்தான். "பூனைக்கு உள்ளது இல்லையா?" என்று கேட்டேன்.

"எல்லாம் ஒரே மருந்துதான்க்கா. நாய்க்கு ஒரு டியூப்னா பூனைக்குப் பாதி. எல்லாரும் இதத்தான வாங்கிட்டுப் போறாவ."

"எல்லாரும்னா யாரு? ஒரு ஆளச் சொல்லும். நான் போயி அவுக வீட்டுப் பூனை உசுரோட இருக்கான்னு பாத்துட்டு வாரேன்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் அதற்குள் பர்ஸை வெளியே எடுத்துவிட்டார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடையை விட்டு இறங்கினேன். நேராக ஒரு தனியார் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். கடையில் நடந்ததைச் சொன்னதும், "நல்ல வேளை, வாங்காம வந்தீங்க" என்றாள். நாய்க்கு விடுகிற சில மருந்துகளில் பெர்மெத்ரின் என்று ஒன்று இருக்கிறதாம். நாய்க்கு ஒன்றும் செய்யாதாம். பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாதாம். பாதி டியூப் விட்டாலும் வலிப்பு வந்து செத்துப்போகலாம் என்றாள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. பார்த்தீர்களா என்று வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தேன்.

அவள் பூனையை எடை போட்டாள். பூனைக்கென்றே உள்ள மருந்தை எடுத்து, நக்க எட்டாத இடமாகப் பிடரியில் முடியை விலக்கி விட்டாள். "ரெண்டு நாளைக்குக் குளிப்பாட்ட வேண்டாம், தண்ணி படக்கூடாது" என்று சொல்லி அனுப்பினாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு சந்தேகம் சரியென்று ஆகிவிட்டால் அடுத்த சந்தேகத்துக்குத் தைரியம் வந்துவிடுகிறது. இந்தப் பெண் மட்டும் என்ன கண்டாள்? அட்டையை என் கையில் தரவே இல்லையே. மேலகரம் வந்து சேருகிற வரை ஆட்டோவில் என் வாய் ஓயவில்லை.

"பூச்சியக் கொல்லுத மருந்து பூனைய மட்டும் சும்மா விடுமாக்கும்? வெசம் வெசம்தான். கடைக்காரன் பெரிய டப்பால தாரான், இவ சின்ன டப்பால தாரா. நீங்க எல்லாத்துக்கும் தலைய ஆட்டுங்க."

அவர் கூடைக்குள் விரலை விட்டுப் பூனையின் காதைத் தடவிக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலையில் நான் அடுப்படியில் இருந்தபோது வாசல்படியில் வந்து நின்றார். கையில் துண்டு, துண்டுக்குள் பூனை. அதன் வாயிலிருந்து நுரையும் எச்சிலுமாக வழிந்தது. கீழே விட்டால் பின்னங்கால் இரண்டும் தள்ளாடின. உடம்பெல்லாம் நடுங்கியது.  அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். ஆனாலும் என் வாய் சொன்னது இதுதான்: "நான் அப்பமே சொன்னேம்லா?"

ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போதே சத்தம் போட்டேன். "என்னத்த ஊத்தி அனுப்புன நீ? நல்லா இருந்த ஜீவன் எப்படிக் கெடக்குன்னு பாரு." காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் பதிலுக்குக் கத்தவில்லை. பூனையை வாங்கி மேஜையில் கிடத்திக்கொண்டே கேட்டாள்.

"வீட்ல வேற ஏதாவது தடவினீங்களாம்மா? நான் கோபப்பட மாட்டேன். தெரிஞ்சாத்தான் வைத்தியம் பார்க்க முடியும்."

"நாங்க ஒண்ணும் தடவல" என்று இரண்டு பேருக்கும் சேர்த்து நான் சொன்னேன். தன் தப்பை எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். "எங்க மேல பழியப் போடாத. நாங்க ஒண்ணும் தெரியாத ஆளுக இல்ல."

அவள் குனிந்து பூனையின் முதுகை மோந்து பார்த்தாள். "நீலகிரித் தைலம் வாசம் வருது. கற்பூரமும் இருக்கு."

எனக்கு அது வாசமாகவே படவில்லை. சாரல் மாசம் முழுக்க எங்கள் வீடே அப்படித்தான் மணக்கும். குற்றாலத்தில் அருவிக்குப் போகும் முன் உடம்பு முழுக்கத் தேய்த்துவிடுவார்களே, அந்த மூலிகை எண்ணெயில் ஒரு பாட்டில் வாங்கி வந்து வீட்டிலும் தேய்த்துக்கொள்வார் இவர். முழங்கால் வலி, சளி, தலைபாரம், எதற்கும் அதுதான். திரும்பி அவரைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"குத்தாலத்து எண்ணெய்ம்மா" என்றார் டாக்டரிடம். "மருந்து வெசமா இருக்குமோன்னு... தொடச்சு எடுத்திரலாம்னு நெனச்சேன். நீங்க தண்ணிதான படக்கூடாதுன்னிய. அதான் எண்ணெயத் தொட்டு முதுகு பூராவும் தேச்சு விட்டேன். மூலிகதான, ஒண்ணும் செய்யாதுன்னு இருந்தேன்."

"நமக்கு ஒண்ணும் செய்யாது சார். பூனைக்கு அது விஷம். தோல் வழியாவும் இறங்கும், ராத்திரியெல்லாம் நக்கி உள்ளயும் போயிருக்கும்." சொல்லிக்கொண்டே வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற சோப்பைக் கரைத்து எண்ணெய் போகிற வரை கழுவினாள். ஊசி போட்டாள், குளுகோஸ் ஏற்றினாள், கம்பளியில் சுற்றி வைத்தாள். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இனி வீட்டில் இப்படித்தான் இருக்கப்போகிறது என்று நினைத்தபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மத்தியானத்துக்கு மேல் நடுக்கம் நின்றது. சாயங்காலம் தலையைத் தூக்கி டாக்டரின் விரலை நக்கியது. "பயம் இல்ல, நாளைக்கு ஒரு தடவை கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிப் பூனையைத் தந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

திரும்பும்போது ஆட்டோவில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கூடை இருந்தது. சாரல் முகத்தில் தெறித்தது. பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

"எண்ணெய் போடப் போறேன்னு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கப்படாதா?"

அவர் என் பக்கம் திரும்பவில்லை. கூடையின் மூடியைக் கொஞ்சம் தூக்கி, பூனையைப் பார்த்துச் சொன்னார்.

"அவகிட்ட எப்படிச் சொல்ல? சொன்னா அந்த எண்ணெயும் வெசம்னுல்லா சொல்லுவா."

சொல்லியிருப்பேன்தான்.