உள்ளே வைத்த பொட்டு

எதிர்வீட்டு மாடியில் புதினா வளர்கிறது. அது வளர்கிற தொட்டியை நேற்றுத்தான் சரியாகப் பார்த்தேன். பழைய கம்ப்யூட்டர் பெட்டி. ஒரு பக்கத் தகட்டைக் கழற்றிப் படுக்கவைத்து, மண்ணைக் கொட்டி நட்டிருக்கிறார்கள். சிடி போடுகிற வாய் இன்னும் அப்படியே இருக்கிறது. அதன் வழியாக ஒரு கிளை தலையை நீட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெண் செம்பு நிறையத் தண்ணீர் எடுத்து அதற்குள் ஊற்றினாள். எனக்குப் பகீரென்றது. உள்ளே வெறும் மண்தான் என்று தெரிந்தும் கை தானாக உயர்ந்துவிட்டது. நான் புதினா கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போல. ஒரு கைப்பிடி கிள்ளிக் கொடுத்தனுப்பினாள். வாயைத் திறந்து இல்லை என்று சொல்ல எனக்கு வருமா? மத்தியானம் துவையல் அரைத்துவிட்டேன்.

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஈரம் பட்டால் எனக்கு ஏன் பகீரென்கிறது என்பது ஒரு கதை. இப்போது பெங்களூர் தொம்மலூரில் மகளோடு இருக்கிறேன். அப்போது ஒக்கலிபுரத்தில் இருந்தோம். அதற்கும் முன்னால் கோலார் தங்கவயலில். என் வீட்டுக்காரருக்கு மைன்ஸில் வேலை. நெஞ்சில் தூசி அடைத்து மேலே வந்தவர் மறுபடி கீழே இறங்கவில்லை. நாத்தனார் வீட்டுப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு பெங்களூர் வந்தோம். நடக்கிற தூரத்தில் ஒரு சந்து. அங்கே கீழே பேரிங் கடை, மேலே கம்ப்யூட்டர் செய்கிற கடை. கூட்டித் துடைக்க ஆள் வேண்டும் என்றார்கள். தொண்ணூறுகளின் கடைசி அது. அதுவரைக்கும் நான் கம்ப்யூட்டரைப் பார்த்தது ரயில்வே ரிசர்வேஷன் கவுன்டரில், கண்ணாடிக்குப் பின்னால்தான்.

செய்கிற கடை என்றேனா, அது சரியில்லை. பூட்டுகிற கடை. சாமானெல்லாம் அட்டைப் பெட்டிகளில் தனித்தனியாக வரும், இவர்கள் ஒன்றோடு ஒன்று பூட்டுவார்கள். வேலை நடக்கிற அறைக்குக் கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் முதலாளி நாகராஜ் சாரே உள்ளே போவார். அட்டைப் பெட்டியைப் பிரித்ததும் ஒரு வாசனை வரும் பாருங்கள். புது ரெயின்கோட்டையும் தீப்பெட்டியையும் சேர்த்து மோந்த மாதிரி. அந்த வாசனைக்காகவே மற்ற இடத்தை எல்லாம் சுருக்காக முடித்துவிட்டு அந்த அறையைக் கடைசியில் நிதானமாகத் துடைப்பேன்.

நான் ஐந்தாவது வரைக்கும்தான். பேர் தெரிவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் கனத்தை வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தேன். செங்கல் மாதிரி கனத்தது பவர் சப்ளை, சுவரிலிருந்து வருகிற கரண்டை எல்லாருக்கும் அளந்து கொடுப்பது. சோப்புக்கட்டி அளவில் இருந்துகொண்டு சோப்பைப்போல நாலு மடங்கு கனத்தது ஹார்ட் டிஸ்க். கனமே இல்லாமல், வெள்ளிக் கவரில் சுற்றிக் குழந்தையைப்போல வருவது மதர்போர்டு, எல்லாரையும் தன் மேல் உட்காரவைத்துக்கொள்கிற பச்சைப் பலகை. அதன் நடுவில் பிஸ்கட்டைவிடச் சின்னதாக ப்ராசஸர். அதுதான் கணக்கெல்லாம் போடுமாம். சீக்கிரம் சூடாகிவிடும் என்று தலைமேலேயே ஒரு ஃபேன் வைத்திருப்பார்கள். சில வீடுகளில் மாப்பிள்ளைக்கு நடக்கிற மரியாதை அது. மானிட்டர் வேறு கதை. அதைப் படியேற்ற இரண்டு ஆள் வேண்டும். சுவிட்சை அணைத்த கையோடு அதன் முகத்தைத் துடைத்தால் முழங்கை மயிரெல்லாம் எழுந்து நிற்கும்.

ரேமைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சீப்பை இரண்டாக உடைத்த மாதிரி ஒரு துண்டு. அதன் பற்களில் தங்கம் பூசியிருக்கும். முதல் தடவை பார்த்தபோது கையிலிருந்த துணியை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு பொடித் தங்கத்துக்காக எங்கள் ஆட்கள் எத்தனை வண்டிக் கல்லை உடைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். இங்கே அதைப் பள்ளிக்கூடத்துப் பென்சில் ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பல்லில் அழுக்கு இருந்தால் மெஷின் எழுந்திருக்காதாம்.

தேய்த்துக்கொண்டிருந்தது பிலோமினா. தங்கவயல் பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். தினமும் காலையில் ரயிலில் வந்து சாயங்காலம் ரயிலில் போவாள். நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, கேட்காமலே சொன்னாள். "ரேம்னா கையில புடிச்சிருக்கற சாமான் ஆண்ட்டி. ஹார்ட் டிஸ்க்னா பீரோ. கரண்ட் போச்சுன்னா கையில இருக்கறது கீழ விழுந்துடும். பீரோல வெச்சது அப்டியே இருக்கும்."

இதைவிட நன்றாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. என் மகள் கம்பெனியில் வேலை செய்கிறாள், அவளே இந்த உதாரணத்தைத்தான் இப்போது மற்றவர்களுக்குச் சொல்கிறாளாம்.

ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிற மேஜை அங்கே இரண்டு. ஒன்று சலீமுக்கு, இன்னொன்று அவளுக்கு. அந்த மேஜை அவளுக்குச் சும்மா கிடைக்கவில்லை. முதல் ஒரு வருஷம் கவுன்டரில் பில் எழுதிக்கொண்டே, சலீம் கெட்டது என்று ஒதுக்கிய மெஷின்களைச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து சரிசெய்து காட்டி வாங்கியது. அதற்குப் பிறகும் சில கஸ்டமர்கள் ஆம்பளை யாராவது ஒரு தடவை பார்த்துவிடட்டும் என்று அவள் காது கேட்கச் சொல்வார்கள். சலீம் கெட்டவன் இல்லை, வாய்தான் நீளம். டைப்பிங்குக்குப் பிறந்த விரலை ஸ்க்ரூ திருக வைத்துக் கெடுக்கிறாளே என்பான். அவள் குனிந்தபடி வேலையைப் பார்ப்பாள். மேஜையை மட்டும் சாமி மேடை மாதிரி வைத்திருப்பாள்.

அதை என்னைவிட யார் அறிவார்கள்? கூட்டுகிறவள் நான்தானே. சாயங்காலம் குப்பையின் மேல் ஒரு காந்தத்தை ஓட்டுவேன், விழுந்த ஸ்க்ரூக்கள் ஒட்டிக்கொண்டு வரும். சலீம் மேஜைக்குக் கீழிருந்து நாலைந்து வராத நாள் இல்லை. பெட்டிக்குள் ஒரு ஸ்க்ரூ விழுந்து பலகைக்கு அடியில் மாட்டிக்கொண்டால், சுவிட்சைப் போட்டதும் மதர்போர்டு எரிந்துவிடும். அதனால் எத்தனை எடுத்தோம், எத்தனை பூட்டினோம் என்று எண்ணுவதுதான் அந்த வேலையின் முதல் பாடமாம்.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன். எங்களூரில் ஆயுத பூஜை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆட்களைப் பூமிக்குள் இறக்கி ஏற்றுகிற பெரிய சக்கரம் இருக்கும். அந்தக் கட்டடத்து வாசலில் வாழைமரம் கட்டுவார்கள். ஆனால் பொட்டு வாசலுக்கு இல்லை. என் அப்பா சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே போய், சக்கரத்தின் ஆரத்துக்கு, அச்சுக்கு, கம்பி வடத்துக்கு என்று ஒவ்வொன்றாகத் தொட்டு வைப்பார். உயிரைத் தாங்குகிறது எதுவோ அதற்குத்தான் பொட்டு.

நான் சேர்ந்த இரண்டாம் வருஷம் கடையில் பொட்டு வைக்கிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். பிலோமினா கீழே வாழைமரம் கட்டப் போயிருந்தாள். வரிசையாக எட்டுப் பெட்டி. ஏழு பெட்டிகளுக்கு வெளியே வைத்துக்கொண்டே வந்தேன். எட்டாவது, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்துக்காகப் பிலோமினா பூட்டியது. நல்ல நாளில் எடுத்துப் போகலாம் என்று அச்சகத்துக்காரரே வந்து உட்கார்ந்திருந்தார். அதற்குப் பக்கத் தகடு இன்னும் சாத்தவில்லை. எல்லாம் உள்ளே தெரிந்தது. வெளித்தகடு சட்டை மாதிரி, வேலை செய்கிறவர்கள் உள்ளேதானே இருக்கிறார்கள் என்று தோன்றிவிட்டது. பிலோமினா பூட்டிய பெட்டிக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது என்றும் தோன்றியது. பவர் சப்ளைக்கு ஒன்று. ஹார்ட் டிஸ்குக்கு ஒன்று. ஃபேனின் நடுக்குமிழில் ஒன்று. ரேமின் தலையில் ஒன்று. மதர்போர்டுக்குக் கொஞ்சம் பெரிதாகவே, தாய் என்பதால். சந்தனத்தைப் பன்னீர் விட்டுச் சற்றுத் தண்ணீராகவே கரைத்திருந்தேன். தூசி போகக் கூடாது என்று தகட்டையும் நானே சாத்தினேன். என்ன பொறுப்பு பாருங்கள்.

கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, ஒவ்வொரு மெஷினாக சார் சுவிட்சைப் போட்டுக்கொண்டே வந்தார். நல்ல மெஷின் என்றால் 'பீப்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். ஏழு பீப் கேட்டது. எட்டாவதில் சத்தம் வரவில்லை. முடி கருகுகிற வாடை வந்தது.

பிலோமினா ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கித் தகட்டைத் திறந்தாள். நான் அவளுக்குப் பின்னால் பொரித் தட்டோடு நின்றேன். உள்ளே ஐந்து பொட்டையும் பார்த்தாள். பிறகு பெட்டியைத் தன் பக்கம் திருப்பி, மற்றவர்களுக்கு உடம்பால் மறைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்த கைக்குட்டையை எடுத்து ஐந்து இடத்திலும் துடைத்தாள். கைக்குட்டை அவள் கைக்குள் சுருண்டு போனது. என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"ஒரு ஸ்க்ரூ உள்ள விட்டுட்டேன் சார்," என்றாள்.

சார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பூஜை நாளில், கஸ்டமர் முன்னால், என்று மட்டும் கன்னடத்தில் முணுமுணுத்தார். அச்சகத்துக்காரர், பொம்பளைப் பிள்ளை கையில் கொடுத்தால் இப்படித்தான் என்றார். கடை மறுபடி திறந்த அன்று பிலோமினாவைக் கவுன்டரில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். அவள் ஸ்க்ரூடிரைவரெல்லாம் சலீம் மேஜைக்குப் போய்விட்டன.

நான் பேசியிருக்க வேண்டும், இல்லையா? உங்களுக்குச் சுலபமாகத் தெரியும். இரண்டு வருஷத்தில் நான் சாரிடம் ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. லீவு வேண்டுமென்றால்கூடப் பிலோமினாவைவிட்டுத்தான் கேட்பேன். மூன்று நாள் போனது. அவள் பில் புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். கவுன்டரில் ஃபேன் காற்று ஜோராக வருமே என்றான் சலீம். மத்தியானம் எப்போதும்போலத் தன் டப்பாவிலிருந்து எனக்குக் குழம்பு ஊற்றினாள். அந்தக் குழம்புச் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

நாலாம் நாள் சார் அறைக்குப் போய் நின்றேன். லீவு வேண்டுமா என்று கன்னடத்தில் கேட்டார்.

"அந்தப் பொட்டி கெட்டது என்னாலதான் சார். பூஜை அன்னிக்கு உள்ளாறப் பொட்டு வெச்சிட்டேன்."

"உள்ளன்னா?"

"பவர் சப்ளைக்கு, ஹார்ட் டிஸ்குக்கு, ஃபேனுக்கு, ரேமுக்கு, மதர்போர்டுக்கு."

அந்தப் பேர்களை எல்லாம் நான் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பிலோமினா அதத் துடைச்சிட்டு ஸ்க்ரூன்னு சொல்லிடுச்சு. அது மேஜைக்குக் கீழ ரெண்டு வருஷமா நான் ஒரு ஸ்க்ரூ கூட்டினதில்ல சார்."

பிறகு பிலோமினாவைக் கூப்பிட்டு உன் மேஜைக்குப் போ என்றார். என்னிடம், "நீங்க இனிமே அந்த ரூம் பேடாம்மா. வெளிய மட்டும் பாருங்க," என்றார். வேண்டாம் என்பதை அவ்வளவு மெதுவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் வலித்திருக்காது.

அன்றிலிருந்து படிக்கட்டு, கவுன்டர், கக்கூஸ் மட்டும் என் பங்கு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அந்த வாசனை வராது. சலீம் தன் ஸ்கூட்டரை என் கண்ணில் படாமல் நிறுத்த ஆரம்பித்தான், இஞ்சினைத் திறந்து ஆண்ட்டி பொட்டு வைத்துவிடுவாளாம். சிரித்தேன். வேறென்ன செய்வது.

பிலோமினா சாப்பாட்டு டப்பாவைப் படிக்கட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கினாள். கூடவே ஒவ்வொரு நாளும் செத்துப்போன ஏதாவது ஒன்று. மௌஸைத் திருப்பி, வயிற்றிலிருந்து ரப்பர் உருண்டையை எடுத்து என் உள்ளங்கையில் உருட்டினாள். கீபோர்டின் எழுத்துகளைப் பிடுங்கிக் கீழே இருக்கிற மெல்லிய தாளைக் காட்டினாள். ஒருநாள் ஹார்ட் டிஸ்க்கையே திறந்தாள். உள்ளே வெள்ளித் தட்டு, ஒரு தூசி இல்லை. எங்கள் இரண்டு பேர் முகமும் அதில் தெரிந்தது. இதுதான் நீ சொன்ன பீரோவா என்றேன். ஆமாம், இப்போது நாம்தான் உள்ளே இருக்கிறோம் என்றாள்.

அடுத்த வருஷப் பூஜைக்குச் சார் சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, கண்ணாடிக் கதவைத் தானே திறந்துவிட்டார். தகடுகள் எல்லாம் முன்கூட்டியே ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தன. நான் வெளியே மட்டும் வைத்தேன். மறுநாளிலிருந்து அந்த அறையையும் நானே துடைத்தேன்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. பிலோமினாவுக்கு அத்திபெலே பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. நாலைந்து வருஷத்தில் ஜனங்கள் மடியில் வைக்கிற கம்ப்யூட்டர் வாங்க ஆரம்பித்தார்கள், பூட்டுகிற கடைக்கு வேலை குறைந்தது. இப்போது அங்கே லாட்ஜ் இருக்கிறதாம். என் மகளின் கம்ப்யூட்டர் ஒரு தட்டு கனம்கூட இல்லை. கெட்டால் திறப்பது கிடையாது, கொடுத்துவிட்டு வேறு வாங்கிக்கொள்கிறார்கள். பிலோமினா கொடுத்துப்போன நம்பர் அவள் தெருவிலிருந்த எஸ்.டி.டி பூத் நம்பர். பூத்துகள் மூடின பிறகு அந்த நம்பரில் அவளைக் கூப்பிட்டுத் தர யாரும் இல்லை.

அவள் ஏன் அதைத் துடைத்தாள் என்று நான் கேட்டதே இல்லை. அத்தனை மத்தியானம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், கேட்டிருக்கலாம். வாங்கிய மேஜையை ஒரு கூட்டுகிறவளுக்காக யாராவது விடுவார்களா? கேட்டிருந்தால், குழம்பை ஊற்றிக்கொண்டே, "சும்மாதான் ஆண்ட்டி," என்றிருப்பாள். எனக்கு அது போதும். அந்தச் சும்மாவைக் காதால் கேட்கவேண்டும் என்று இந்த வயதில் ஆசையாக இருக்கிறது.