உப்பு வண்டியில் ஒரு வட்டம்

திங்கட்கிழமை காலை எண்ணூரிலிருந்து உப்பு வண்டி இராயபுரம் கூட்ஸ் ஷெட்டுக்கு வந்து நின்றது. வழக்கம்போல ஒவ்வொரு வண்டிக் கதவாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எதிலும் குறி இல்லை. கடைசி வண்டியிலிருந்து இறங்கிய பிரேக்ஸ்மேன் கன்னியப்பன் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"சார், நம்ம அண்ணாச்சி பூட்டாரு சார். நேத்து காலைல கோயிலுக்குப் பொறப்பட்டுக்கினு இருந்தாராம். சட்டைய மாட்டிக்கினே குந்தினாராம். அவ்ளோதான்."

அவன் சொல்லி முடித்த பிறகும் நான் அடுத்த வண்டியின் நம்பரை எழுதினேன். அதற்கடுத்த வண்டியின் நம்பரையும் எழுதினேன். பிறகுதான் கை நின்றது. அன்று வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை.

சூசை அண்ணாச்சியை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் தூத்துக்குடிக்காரர். தகப்பனார் தோணி ஓட்டியவர். அண்ணாச்சி எண்ணூர் உப்பளம் ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேல் மேற்பார்வையாளராக இருந்தார்கள். அளத்தில் வேலை செய்தவர்களுக்கு அவர் கண்டிப்பான மனிதர். மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்குக் கடைசி வரிசையில் நிற்பவர். எனக்கு மட்டும் அவர் வேறு ஒருவர். கல்யாண வீட்டார் மாப்பிள்ளை அழைப்புக்குக் காத்திருப்பதுபோல ஒவ்வொரு ஐப்பசியிலும் புயலுக்குக் காத்திருந்தவர்.

நாங்கள் முதலில் சந்தித்ததே அப்படி ஒரு நாளில்தான். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். கட்டுமரங்களை எல்லாம் மேட்டுக்கு இழுத்துவிட்டு எல்லோரும் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். இராயபுரம் கடற்கரையில் இரண்டு பைத்தியங்கள் மட்டும் நின்றன. ஒன்று நான். மற்றொருவர் கையில் காற்றழுத்தம் காட்டும் ஒரு பித்தளைப் பாரோமீட்டர் வைத்திருந்தார்.

"ஓய், புயல் கிழக்கேயிருந்துல்லா வருது. நீரு எதுக்கு மேற்கே பாக்கீரு?" என்று கேட்டார்.

"இடி ஏதாவது வருதான்னு பார்க்கிறேன்" என்றேன்.

"இடியா?" என்று சிரித்தார். "அது சின்னப் பயக சமாச்சாரம்லா வே!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபத்தில் ஆரம்பித்த பேச்சு பதினாறு வருஷம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அண்ணாச்சி இராயபுரம் வருவார்கள். பூசை முடிந்ததும் நேரே கடற்கரை. நான் பெரம்பூரில், ஒர்க்‌ஷாப் பக்கத்து வரிசை வீட்டில், தகரக் கூரையின் கீழ் வளர்ந்தவன். சித்திரை வெயிலில் அந்தக் கூரைக்குக் கீழே மூச்சு முட்டும். பிற்பகலில் மேற்கே ஒரு மேகம் எழும்பினால் தெருவே வெளியே வந்து நிற்கும். ஒரு மணி நேரத்தில் வந்து, அடித்து, கொட்டி, தெருவைக் கழுவிவிட்டுப் போய்விடும். எனக்கு அதுதான் மழை. நாலு நாள் மூக்கைச் சிந்திக்கொண்டு கிடக்கும் புயல் யாருக்கு வேண்டும் என்பேன்.

அண்ணாச்சி விடமாட்டார்கள். "உமக்குப் பொறுமை கிடையாது. அதான் இடி பிடிச்சிருக்கு. புயலைப் பாரும். முதல்ல கடலுக்கு மட்டும் சொல்லும். அலை நீளமா வரும். பெறவு காத்து வாடையாத் திரும்பும். பெறவு இந்த முள்ளு இறங்கும். வாரேன் வாரேன்னு சொல்லிக்கிட்டே வாரவன், எதிரியா இருந்தாலும் மரியாதைக்காரன் வே. சொல்லாம கொள்ளாம வந்து தலையில அடிக்கிறவனை நான் எப்படி மதிக்க?"

கன்னியப்பன் ஒருநாள் இதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உங்களுக்கு இன்னா சார், ஓட்டு வூடு. காத்தடிச்சா பூட்றது எங்க வூட்டுக் கூரை. ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லியா?" என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி என்னிடம் ஓர் ஏற்பாட்டைச் சொன்னார்கள். அது கன்னியப்பன் பேச்சிலிருந்து வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஏற்பாடு இதுதான். கூட்ஸ் ஷெட்டில் வண்டிகளுக்கு நம்பர் எடுப்பது என் வேலை. எந்நேரமும் கையில் சுண்ணக்கட்டி இருக்கும். ஷெட்டிலிருந்து பார்த்தால் துறைமுகக் கம்பம் தெரியும். பிற்பகல் இரண்டு மணிக்குக் காலி வண்டிகள் எண்ணூருக்குப் போகும். மறுநாள் காலை உப்போடு திரும்பும். கம்பத்தில் கூண்டு ஏறினால் முதல் வண்டியின் கதவில் நான் ஒரு வட்டம் போடவேண்டும். அளத்துக்கு வண்டி வந்ததும் அண்ணாச்சி பார்ப்பார்கள். பார்த்ததற்கு அடையாளமாக வட்டத்தின் பக்கத்தில் ஒரு சிறு கோடு போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். புயல் தந்தி எண்ணூர் ஸ்டேஷனுக்கு வரும். ஆனால் ஸ்டேஷனிலிருந்து அளம் ஒன்றரை மைல். அந்த ஒன்றரை மைலைத் தந்தி கடக்க சில சமயம் ஒரு நாள் ஆகும்.

அந்த வருஷமே ஐப்பசியில் வட்டம் போட்டேன். போட்ட கையோடு லீவு சொல்லிவிட்டு அதே வண்டியில் ஏறிக்கொண்டேன். வட்டத்தைப் பார்த்ததும் அண்ணாச்சி, இருட்டுவதற்குள் குடிசையில் இருந்தவர்கள் எல்லோரையும் செங்கல் கிடங்குக்குள் ஏற்றிவிட்டார்கள். காற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எல்லோரும் எழுதுகிறார்கள். மறுநாள் காலையில் திடீரென்று அது நின்றது. புயலின் நடு எங்கள் தலைக்கு மேல் வந்திருந்தது. அண்ணாச்சி கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்கள். நானும் போனேன். ஓலை பறந்துபோன உப்புக் குவியல்மேல் நாலைந்து கடற்பறவைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் போனோம், அவை பறக்கவில்லை. அண்ணாச்சி தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"இதுக்குத்தான் வே. இந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான்" என்றார்கள்.

எதிர்ப்பக்கத்துக் காற்று வருவதற்குள் உள்ளே ஓடிவந்தோம். சாயங்காலம் பார்த்தால் ஒரு குடிசைகூட மிச்சமில்லை. அண்ணாச்சி என் காதருகில், "அந்தப் பத்து நிமிஷத்தைப் பத்தி இங்க யார்கிட்டயும் வாயைத் திறக்காதீரும்" என்று சொல்லிவிட்டு, எல்லோரோடும் சேர்ந்து ஓலை பொறுக்கப் போய்விட்டார்கள்.

கோடையில் இன்னொரு குறி சேர்ந்தது. அதைக் கேட்டவரும் அண்ணாச்சிதான். "அளம் தட்டைப் பூமி. மரம் மட்டை கிடையாது. உப்பு வாருற பலகையைத் தூக்கிக்கிட்டு நடுவுல நிக்கிற ஆள்தான் அங்க உசரம். உம்ம இடி மேற்கே பெரம்பூர்ப் பக்கம்தான எழும்புது? எங்களுக்குத் தெரியதுக்கு முன்னால உமக்குத் தெரியும். வட்டத்துக்குப் பதிலா ஒரு கோணல் கோடு போடும்." எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பிரியத்துக்கும் ஒரு குறி கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். இரண்டு கோடை தவறாமல் போட்டேன்.

மூன்றாவது கோடையில், ஒரு வைகாசி மாதத்துப் பிற்பகல், ஷெட்டின் நடைப்பாலத்தில் நின்றுகொண்டிருந்தேன். மேற்கே ஒரு மேகம் எழும்பிற்று. அப்படி ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடி கறுப்பு. நடு காலிஃப்ளவர் மாதிரி கொப்பளித்துக்கொண்டே ஏறியது. உச்சி பட்டறைக்கல்போலத் தட்டையாக விரிந்தது. உள்ளே மின்னிக்கொண்டேயிருந்தது. சத்தம் இன்னும் வரவில்லை. என் காலுக்குக் கீழே இரண்டு மணி வண்டி புறப்பட்டுப் போனது. சுண்ணக்கட்டி என் கையில் இருந்தது. வண்டி போகும் சத்தம் எனக்குக் கேட்கத்தான் செய்தது. ஒருநாள்தானே என்று நினைத்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை கன்னியப்பன்தான் சொன்னான். "அளத்துல ஒரு பொம்பள மேல இடி வுழுந்துட்ச்சு சார். வீராசாமி சம்சாரம் அஞ்சலை. பலகையோட அப்படியே..."

அடுத்த வண்டியில் எண்ணூருக்கு ஓடினேன். அண்ணாச்சி கிடங்கு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். நடந்ததை அழுதுகொண்டே சொன்னேன்.

"எங்க நின்னீரு?"

"பாலத்துமேல, அண்ணாச்சி."

"நல்லா இருந்துதா?"

"என்ன கேள்வி அண்ணாச்சி இது?"

"நல்லா இருந்துதான்னு கேக்கேன்."

"இருந்தது" என்றேன்.

"ஆங். அதைச் சொல்லும். அதை மறைச்சிட்டு அழாதீரும்." உப்பின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "நான் மட்டும் என்ன? புயல் வரணும்னு கோயில்ல முட்டி போட்டு வேண்டியிருக்கேன். நமக்குப் பிடிச்சது இன்னொருத்தன் வீட்டை எடுக்கிற சாமான் வே. அதுக்காகப் பிடிக்கலைன்னு சொல்ல முடியுமா? பிடிச்சவன்தான் எல்லாருக்கும் முன்னால பாப்பான். அதனால பிடிச்சவன்தான் முதல்ல சொல்லணும். நமக்கு வேற மன்னிப்பு கிடையாது." பிறகு, "வீராசாமிகிட்ட என்னைக்காவது நீரே சொல்லும். நான் சொல்ல மாட்டேன்" என்றார்கள்.

நான் சொல்லவில்லை. நாலு வருஷம் சொல்லவில்லை. கோழை என்று திட்டியிருக்கலாம். அண்ணாச்சி ஒருநாளும் திட்டவில்லை. வைகாசி வந்தால் மட்டும், "இன்னும் சொல்லலையா வே?" என்று ஒரு தடவை கேட்பார்கள். இந்த வைகாசியில் கேட்பதற்குள் போய்விட்டார்கள். புயலைப்போலச் சொல்லிக்கொண்டு போவார்கள் என்று நினைத்திருந்தேன்.

அடக்கத்துக்குப் போனேன். அளத்து ஆட்கள் எல்லோரும் கைகாலில் உப்பு காய்ந்தபடியே வந்திருந்தார்கள். மண் தள்ளி முடிந்து கூட்டம் கலைந்தபோது வீராசாமி வேலியோரம் தனியாக நின்றான். அண்ணாச்சி கேட்காத அந்தக் கேள்வி என் முதுகில் நின்று தள்ளியது. போய்ச் சொன்னேன். பாலம், மேகம், கையில் இருந்த சுண்ணக்கட்டி எல்லாம் சொன்னேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை.

"தெரியும் சார்" என்றான். "அன்னிக்கு வண்டி வந்தப்போ நாந்தான் மொதல்ல பாத்தேன். கோடு இல்ல. கோடு இல்லன்னு நாந்தான் அவள அளத்துல எறங்கச் சொன்னேன். நாலு வருசமா நீயா வருவேன்னு பாத்துகினே இருந்தேன்."

அவன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அண்ணாச்சி பூட்டாரு. இனிமே கோடு போடுவியா, நிறுத்திடுவியா? அத்தச் சொல்லு. பாக்கறதுக்கு நான் கீறேன்."

போடுவேன் என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு அளத்துப் பக்கம் நடந்துவிட்டான்.

சென்ற வியாழக்கிழமை பெரம்பூர்ப் பக்கம் மேகம் எழும்பிற்று. பாலத்தில் ஏறவில்லை. முதல் வண்டிக் கதவில் என் கோணல் கோட்டைப் பெரிதாகப் போட்டேன். வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகுதான் தலையைத் தூக்கினேன். மேகம் அழகாகத்தான் இருந்தது, அண்ணாச்சி. மறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை உப்பு வண்டி வந்தது. என் கோட்டின் பக்கத்தில் இன்னொரு கோடு. உங்களுடையதுபோல நேராக இல்லை. சுண்ணக்கட்டி பிடித்துப் பழகாத கை, அழுத்தி அழுத்திப் போட்டிருந்தது. அங்கேயே நின்று அழுதேன்.

ஐப்பசியில் உங்கள் புயல் வரும். கூண்டு ஏறும். வட்டம் போடுவேன். அளத்தில் எல்லோரும் கிடங்குக்குள் இருப்பார்கள். காற்று நிற்கிற அந்தப் பத்து நிமிஷத்தில் உப்புக் குவியல்மேல் பறவைகள் வந்து உட்காரும். தொப்பியைக் கழற்ற நீங்கள் இருக்கமாட்டீர்கள். நான் வருகிறேன். யாரிடமும் வாயைத் திறக்கமாட்டேன்.