பின்னால் ஊர்ந்து வந்த ஆட்டோ

ஓ.எல். பரீட்சை நெருங்க நெருங்க மகளுக்கு ஒரே பயம். சாப்பாடில்லை, தூக்கமில்லை, முகத்தில் சிரிப்பில்லை.

இன்று மாலை, அவளை கிளாஸிலிருந்து கூட்டிவரும் ஆட்டோக்காரர் எனக்குப் போன் எடுத்தார்.

"மிஸ், புள்ள வீட்டுக்கு வராம அலுவிகாரையிலயே எறங்கிட்டாங்க. நடந்து போறேங்கிறாங்க."

பதறியடித்து ஓடினேன். பாதி வழியில் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி எதிரே வந்தாள். தனியே விட மனமில்லாமல் ஆட்டோவும் பின்னால் ஊர்ந்து வந்தது.

"ஏம்மா எறங்குன?"

"இன்னைக்கு ஸ்கூல் கிரவுண்ட்ல நடந்தப்ப நெஞ்சு படபடப்பு கொறைஞ்சிச்சும்மா. அதான்."

நானும் சேர்ந்து நடந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவளே சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

"நாளைக்கும் வாங்கம்மா" என்கிறாள்.

படபடப்பு அவளுக்குக் குறைந்துவிட்டது, மூச்சு வாங்குவது எனக்குத்தான். நடக்கத் தோதான சப்பாத்து மாத்தளையில் எங்கே கிடைக்கும், மக்களே?